நூலகத்தை எரித்த அதிகாரத்தையும் வீட்டுக்குள் இருந்த அதிகாரத்தையும் ஒரே அமர்வில் வாசிக்கலாமா?

நல்லூர்த் திண்ணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பதினொருவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒருவருடைய வீட்டு விறாந்தையில் கூடி, முன்கூட்டியே தெரிவுசெய்த படைப்பு ஒன்றை வாசித்துப் பேசி வருகிறோம். அடுத்த அமர்வுக்கு ‘இலக்கியத்தில் அதிகாரமும் ஒடுக்குமுறையும்’ என்று தலைப்பிட்டு, ஒழுங்குபடுத்தும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நான் மூன்று படைப்புகளைத் தெரிவுசெய்தேன். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி எம். ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதை, யாழ்ப்பாணத்துச் சாதி ஒடுக்குமுறையைப் பற்றி 1972இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலிலிருந்து சில அத்தியாயங்கள், விடுதலை இயக்கமொன்றின் உள்ளே நடந்த சித்திரவதைகளையும் கொலைகளையும் இயக்கத்திலிருந்து வெளியேறிய ஒருவரே எழுதிய ‘புதியதோர் உலகம்’ நாவலிலிருந்து ஒரு பகுதி ஆகியவையே அவை.

பட்டியலை வாசித்தவுடன் எங்களுள் மூத்தவர் எழுந்துவிட்டார். “நூலகத்துக்கு நெருப்பு வைத்தவனையும் எங்கள் ஊர்ப் பெரியவர்களையும் போராடப் போன பிள்ளைகளையும் ஒரே பந்தியில் இருத்தப் பார்க்கிறீர்” என்று அவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. அரசின் ஒடுக்குமுறைக்குப் பின்னால் படையும் சட்டமும் நாடாளுமன்றப் பெரும்பான்மையும் இருந்தன. அவற்றுக்கு ஈடாக நம்மிடம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் நூலகக் கவிதையை மட்டும் வாசித்துக் கலைந்துபோனால், ஒடுக்குமுறை என்பது எப்போதும் வெளியிலிருந்து சீருடையுடன் வருவது என்ற எண்ணத்துடனேயே எல்லோரும் வீட்டுக்குப் போவோம் என்ற மனக்குறையும் எனக்கு இருக்கிறது.

இந்த மூன்றையும் ஒன்றாக வாசிப்பது முறையா? முறையென்றால் எந்த ஒழுங்கில் வாசிப்பது? இரண்டரை மணித்தியாலம்தான் இருக்கிறது என்பதையும் கவனத்தில் கொண்டு ஆலோசனை சொன்னால் நன்றி.

---

வலிகாமத்து வாத்தியார் எழுதியது:

உங்களுடைய மூத்தவர் கோபத்தில் சொன்ன வசனத்திலே ‘பந்தி’ என்ற சொல் தானாக வந்து விழுந்திருப்பதைக் கவனித்தீர்களா? யார் யாரோடு ஒரே பந்தியில் இருக்கலாம் என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்து வந்த சமூகத்தின் சொல் அது. அவரைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் வாயிலும் அதே சொல்தான் வந்திருக்கும். ஆனால் உங்களுடைய அமர்வை நீங்கள் அங்கிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு வேறு முறை என்ற வழக்கம் நிலவியது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சந்திக் கடையில் தட்டியின் பக்கமாக நாலைந்து போத்தல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவை யாருக்கு என்று எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அதில் ஒன்றை எடுத்துக் குடிக்கக்கூடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டதும், தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்ததும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போக வந்தவர்கள் தடுக்கப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான். டானியல் அந்த இயக்கத்தில் தாமே நின்றவர். அதனால் ‘பஞ்சமர்’ நாவலைக் கேள்விப்பட்டதை எழுதிய நாவலாக வாசிக்க முடியாது.

நாவலின் சம்பவங்களைவிட, அதில் மனிதர்கள் ஒருவரையொருவர் விளிக்கும் முறையை உங்கள் நண்பர்களிடம் வாசிக்கச் சொல்லுங்கள். நமது பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் இருக்கின்றன. இந்த மூன்றில் எதைச் சொல்வது என்பதில் வயதையும் வென்று நின்றது சாதி. அறுபது வயது மனிதரைப் பத்து வயதுப் பையன் ‘நீ’ என்பான். அந்த மனிதர் பையனுடைய தகப்பனை ‘நயினார்’ என்றும் தாயை ‘நாச்சியார்’ என்றும் விளிப்பார். அதிகாரத்தைப் பற்றி ஒரு பக்கம் விளக்கம் எழுத வேண்டிய இடத்தில், அந்தப் பேச்சை அப்படியே எழுதியது போதுமாக இருந்தது. இந்தப் பேச்சுமொழி எழுத்தில் ஏறியபோதுதான், அது ‘இழிசனர் வழக்கு’ என்று சில பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுக்குக் கசந்தது இலக்கணப் பிழைதானா என்பது வேறு கதை.

நேரம் குறைவு என்றால் நாவலைவிட என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்ற சிறுகதையை எடுங்கள். ஒரே இருப்பில் வாசித்து முடிக்கலாம். மேடையில் பெரிய இலட்சியங்கள் பேசும் மனிதர் ஒருவரை அவருடைய வீட்டுக்கே தேடி வருகிறார்கள், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிலர். அவர்களை உள்ளே அழைத்து இருத்த அவருக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லை. வெளியே நிலவு நன்றாக இருக்கிறது, அங்கே போய்ப் பேசுவோம் என்று அழைத்துப் போகிறார். அவ்வளவுதான் கதை. அடி இல்லை, ஏச்சு இல்லை, நிலவு வேறு காய்கிறது.

“வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு” என்ற குறளைப் பாடசாலையில் பல ஆண்டுகள் கற்பித்தேன். ஆட்சிக்கோலை வைத்திருக்கும் அரசன் குடியிடம் பொருள் கேட்பது, வழிப்பறிக்காரன் வேலைப் பிடித்துக்கொண்டு ‘தா’ என்பதற்கு ஒப்பானது என்று பொருள் சொல்லி, வரியைப் பற்றிய குறள் என்று முடித்துவிடுவேன். ஓய்வுபெற்ற பிறகு ரகுநாதனின் கதையை மறுபடி வாசித்தபோதுதான், மறுக்க முடியாத இடத்தில் நிற்பவரிடம் விடப்படும் மரியாதையான அழைப்பையும் அந்தக் குறள் தொடுகிறது என்று தோன்றியது. கதையில் வருகிறவர்கள் ‘இல்லை, உள்ளேயே இருப்போம்’ என்று சொல்லியிருக்கலாமா?

---

கரையோரன் எழுதியது:

வாத்தியார் ஐயாவின் பதிலை விரும்பி வாசித்தேன். ஆனால் கேட்கப்பட்ட கேள்வியை அவர் பந்தியைப் பிடித்துக்கொண்டு கடந்துபோய்விட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மூத்தவர் கேட்டது அளவைப் பற்றியது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாகின. 1983இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறையைச் சொல்லத் தேவையில்லை. இதைத் தேநீர்ப் போத்தலோடு ஒப்பிட முடியாது. அது மட்டுமன்றி, நமக்குள்ளே நடந்ததை நாம் எழுதிய எழுத்தை எடுத்து, ‘பாருங்கள், இவர்களும் அப்படித்தான்’ என்று தனது கணக்கை நேர்செய்துகொள்ள அரசு எப்போதும் காத்திருந்திருக்கிறது. இந்தப் பயத்தினாலேயே பலர் எழுதாமல் இருந்தார்கள். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று இன்று சொல்லிவிடுவது எளிது.

ஆயினும் ‘புத்தரின் படுகொலை’ பற்றி வேறு ஒன்று சொல்ல வேண்டும். நூலகம் எரிந்ததைப் பற்றிய கவிதையில் நாம் எதிர்பார்ப்பது நெருப்பும் கண்ணீரும். நுஃமானோ ஒரு கனவைச் சொல்கிறார். சிவில் உடை அணிந்த காவலர்கள் நூலகப் படிக்கட்டருகே புத்தரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். இரவில் அமைச்சர்கள் வருகிறார்கள். பட்டியலில் இவருடைய பெயர் இல்லையே, ஏன் கொன்றீர்கள் என்று விசாரிக்கிறார்கள். தவறு ஏதும் நடக்கவில்லை, இவரைச் சுடாமல் ஓர் ஈயைக்கூட எங்களால் சுட முடியாது என்று பதில் வருகிறது. பிறகு நூல்களை அடுக்கி உடலை மூடி எரிக்கிறார்கள். இந்தக் கவிதையில் என்னை நடுங்க வைப்பது பட்டியல்தான். கொலை நடந்துவிட்டது என்பது அமைச்சருக்குப் பிரச்சினை இல்லை. பட்டியலில் இல்லாத பெயர் ஒன்று இடையில் வந்துவிட்டதே என்பதுதான் பிரச்சினை. கந்தோர்ப் பேச்சு அப்படியே கவிதைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கொன்றவர்கள் யாரை வணங்குகிறார்களோ அவரையே கொல்லப்பட்டவராக வைத்ததால், சிங்கள வாசகருக்கும் அந்தக் கவிதையிலிருந்து தப்பிக்க வழி இல்லை.

அதே 1981இல்தான் நுஃமான் மொழிபெயர்த்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ வெளிவந்தது. நாங்கள் அதை வாசித்தபோது வேறொரு நாட்டைப் பற்றி வாசிப்பதாக நினைக்கவே இல்லை. 1985இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு வந்தபோது இந்தப் போக்கு முழு உருவம் பெற்றிருந்தது. அந்தத் தொகுப்பில் உள்ள நல்ல கவிதைகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அதைப் பார்த்து எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான கவிதைகள், அவற்றுள் எனது ஆறேழும் அடக்கம், இன்று வாசிக்க முடியாதவை. குருதி, தீ, சூரியன் என்ற மூன்று சொல்லையும் மாற்றி மாற்றி அடுக்கினால் கவிதை ஆகிவிடும் என்று நம்பினோம். எதிரி தூரத்தில் நின்றதால் அவனுடைய முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை.

என் ஆலோசனை இதுதான்: மூன்றையும் வாசியுங்கள், ஆனால் ஒரே அமர்வில் வாசிக்காதீர்கள். மூன்று மாதம் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

---

பழைய பூங்கா எழுதியது:

கரையோரன் அண்ணா சொன்ன கடைசி வசனத்தைத்தான் நாங்கள் முப்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். முதலில் பெரிய ஒடுக்குமுறை, மற்றவை பிறகு. பெண்கள் விடயமும் பிறகு, சாதியும் பிறகு. அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் இல்லாமற்போனார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டிலுள்ள பழைய புத்தகங்கள் பலவற்றுக்கு முதற்பக்கம் கிடையாது. அம்மா கிழித்துவிட்டார். இந்தப் புத்தகம் யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எந்தத் திகதியில் என்று கையெழுத்து இருக்கும் பக்கம் அதுதான். இலங்கை இராணுவம் சுற்றிவளைத்தபோது சில பக்கங்கள் போயின. இந்திய இராணுவம் இருந்த காலத்தில் சில போயின. பிறகு நமது பிள்ளைகளே ஊரை ஆண்டபோதும் சில போயின. ஜாம் போத்தல் விளக்கின் திரியில் பிடித்து ஒவ்வொன்றாக எரித்ததை நான் கண்டிருக்கிறேன். யாருக்குப் பயந்து எந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது என்று இன்று பிரித்துச் சொல்ல அம்மாவாலேயே முடியாது. கிழித்த தழும்பு எல்லாப் புத்தகத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. மூத்தவர் கேட்ட அளவுக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

பட்டியலில் ஒரு பெண்ணும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1986இலேயே ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண்கள் கவிதைத் தொகுப்பு யாழ்ப்பாணத்தில் வந்துவிட்டது. அதில் எழுதிய சிவரமணி 1991 மே மாதத்தில், தன்னிடம் இருந்த கவிதைகளை எரித்துவிட்டுத் தன் உயிரையும் முடித்துக்கொண்டார். நண்பர்களிடமும் இதழ்களிலும் எஞ்சியிருந்தவையே பிறகு தொகுக்கப்பட்டன. அதே ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமான செல்வி, விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. 1992இல் அவருக்குச் சர்வதேசக் கவிதை விருது அறிவிக்கப்பட்டபோது அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கக்கூட இந்த ஊரில் வாய் எழவில்லை.

சிவரமணியின் ‘யுத்தகால இரவொன்றின் நெருக்குதல்’ கவிதையில் அதிகாரத்தின் பெயர் எங்கும் சொல்லப்படுவதில்லை. போர்க்கால இரவுகள் குழந்தைகளை எப்படி மாற்றிவிடுகின்றன என்பதையே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேள்வி கேட்காமல் இருக்கவும், கேட்டதற்குப் பதில் வராவிட்டால் மௌனமாகிவிடவும் அவர்கள் பழகிக்கொள்கிறார்கள். தும்பியின் இறக்கையைப் பிய்த்து எறிகிறார்கள்; தடியைத் துப்பாக்கியாகப் பிடித்து, நண்பனையே எதிரியாக்கிக் கொன்று விளையாடுகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் பொடியன்கள் பூவரசந் தடியை வைத்து ஆடிய விளையாட்டுத்தான் அது. நானும் பலமுறை ‘செத்து’ விழுந்திருக்கிறேன். அந்தத் தடி எந்தப் பக்கத்துத் துப்பாக்கி என்று கவிதையில் கேட்க முடியாது.

இன்னும் ஒன்று. நூலகத்துக்காக அந்தக் கவிதையை எழுதிய நுஃமான் அவர்கள் ஒரு முஸ்லிம். அந்த நாட்களில் இங்கே பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று புலிகளால் கட்டளையிடப்பட்டது. அதைப் பற்றிப் பேசும்போது நாம் என்ன வினைச்சொல்லைப் போடுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். ‘சோனகர் போன பிறகு’ என்போம். கொஞ்சம் படித்தவர்கள் ‘முஸ்லிம்கள் வெளியேறினார்கள்’ என்பார்கள். இன்னும் கவனமாகப் பேசுகிறவர்கள் ‘வெளியேற்றப்பட்டார்கள்’ என்று சொல்லி, யாரால் என்பதை விழுங்கிவிடுவார்கள். ‘வெளியேற்றினார்கள்’ என்று எழுத எனக்கே பல ஆண்டுகள் எடுத்தன. தாங்களாக விரும்பிப் போனது போன்ற தன்வினையிலிருந்து பிறவினைக்கு வருவதற்கு ஒற்றெழுத்து ஒன்றுதான் இடைவெளி. வாத்தியார் ஐயா விளிச்சொற்களைப் பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

---

வலிகாமத்து வாத்தியார் எழுதியது:

பிள்ளை, வினைச்சொல்லைப் பற்றி நீர் எழுதியதை வாசித்துவிட்டு, எனது முதற் பதிவைத் திரும்பிப் பார்த்தேன். ‘உள்ளே போக வந்தவர்கள் தடுக்கப்பட்டதும்’ என்று எழுதியிருக்கிறேன். மாவிட்டபுரத்தில் தடுத்தவர்கள் யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களுள் என் உறவினரும் இருந்தார்கள். கை தானாகவே செயப்பாட்டு வினைக்குப் போயிருக்கிறது. பதிவைத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.

---

கரையோரன் எழுதியது:

‘பிறகு’ பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மூன்று மாத யோசனையைத் திரும்ப வாங்குகிறேன். அளவைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஒரே அமர்வில் வாசித்தாலும், இவை எல்லாம் ஒன்றுதான் என்று யாராவது முடித்துவைக்க முயன்றால் தயவுசெய்து தடுங்கள். ‘புதியதோர் உலகம்’ நாவலை வாசிக்கும்போது அது வெளிவந்த ஆண்டு 1985 என்பதையும் சொல்லுங்கள். இயக்கங்கள் மீது ஊர் உச்ச நம்பிக்கை வைத்திருந்த நேரத்தில், உள்ளே இருந்து வந்தவர் அதை எழுதினார். பின்னர் அவரும் கடத்தப்பட்டுக் காணாமற்போனார். எழுத்தின் தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், எந்த நாளில் எந்த ஊரில் இருந்துகொண்டு அதை எழுதினார்கள் என்பதை ஒவ்வொரு படைப்புக்கும் கேட்டால், மூத்தவருடைய கேள்விக்கும் மரியாதை செய்ததாக இருக்கும்.

---

நல்லூர்த் திண்ணை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒழுங்கை மாற்றிவிட்டேன். முதலில் ‘நிலவிலே பேசுவோம்’ கதையை முழுமையாக வாசிப்போம். அடுத்து ‘புத்தரின் படுகொலை’. அதன் பிறகு பத்து நிமிடம் தேநீர். பின்பு ‘புதியதோர் உலகம்’ நாவலிலிருந்து ஆறு பக்கங்கள், கடைசியாகச் சிவரமணி. ‘பஞ்சமர்’ நாவலை அதற்கடுத்த மாதத்துக்கு முழுதாக எடுக்கலாம் என்று எண்ணுகிறேன்; இரண்டு அத்தியாயத்தைப் பிய்த்து வாசிப்பது அதற்குச் செய்யும் நியாயமாக இராது. ஒவ்வொன்றையும் வாசிப்பதற்கு முன்னர் ஆண்டையும் இடத்தையும் மட்டும் சொல்வேன், விளக்கம் சொல்லப்போவதில்லை.

மூத்தவரிடம் நேற்று மாலை இந்தப் பதிவுகளைக் காட்டினேன். வினைச்சொல் பகுதியை இரண்டு முறை வாசித்தார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. படலையடியில் நின்று, கதையை வாசிப்பது எங்கே, விறாந்தையிலா முற்றத்திலா என்று மட்டும் கேட்டார்.

ஒரு சிறு உதவி. பழைய இதழ்கள் பலவற்றை ‘நூலகம்’ என்ற இணையத்தளத்திலிருந்து இறக்கிக்கொண்டேன். ஆனால் கையில் வைத்துக் காட்டுவதற்குச் சிவரமணி கவிதைகளின் அச்சுப் பிரதி எங்களுக்குள் எவரிடமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது இருந்தால் அந்த ஒரு பின்னேரத்துக்கு இரவல் தருவீர்களா? முதற்பக்கம் இல்லாத பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை.